வலது எட்டு, இடது ஏழு

9 ஜனவரி 2007, செவ்வாய்

என்னைப் போலவே பொம்மை விற்கிற அகஸ்டினோடு ஓட்டப்பந்தயம் ஓட ஒப்புக்கொண்டேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. கடைசியாக ஓடியது ஒரு பஸ்ஸுக்காக. அது நிற்கவில்லை.

காரணம் மூலைக்கடை. மாசி மகத்தன்று ஆற்றில் குளித்துக் கரையேறுகிற ஜனம் மொத்தமும் அந்த மூலையில்தான் திரும்பும். அங்கே பீங்கான் பொம்மை பரப்பியவன் பொழுது சாய்வதற்குள் காலிக் கூடையோடு வீட்டுக்குப் போகலாம். போன வருஷம் அது அகஸ்டினுக்குக் கிடைத்தது. எனக்கு உள்ளே பதினோராவது கடை. நாலு மூட்டைக் குதிரையும் யானையும் திரும்ப வண்டியேறின. இந்த வருஷமும் அப்படியானால் சூளைக்காரர்கள் சரக்கை எனக்குக் கொடுப்பார்களா, அவனுக்கா? கேட்கவே வேண்டாம்.

திருவிழாக் கடைகளைக் குத்தகை எடுத்த தனக்கோடி இருவரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு தடித்தது. அகஸ்டின் என் வயிற்றைக் காட்டினான்.

"யோவ் தேவநாதா, அந்தத் தொப்பையத் தூக்கிக்கினு பாலம் வரைக்கும் ஓட முடியுமாய்யா உன்னால?"

"உன்னவிட வேகமா ஓடுவேன்யா."

தனக்கோடி கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப ஓடுங்க. பிப்ரவரி பதினொண்ணு, ஞாயித்துக்கெழம, காலேஜ் கிரவுண்டு, நாலு சுத்து. ஜெயிச்சவனுக்கு மூல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அகஸ்டினோ, "பூசைக்குப் போவணும், காலைல ஆறு மணிக்கு வச்சிக்கலாம்" என்றான். அப்புறம் நான் எப்படிப் பின்வாங்குவது?

10 ஜனவரி

ரப்பர் செருப்போடு ஓடிப் பார்த்தேன். இடது செருப்பு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

11 ஜனவரி

வெறுங்காலோடு ஓடினேன். முள். என் வீட்டுக்காரி அம்சவல்லி ஊசியால் எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மச்சினன் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்புத் தோல் ஷூவைப் போட்டு ஓடினேன். டக் டக்கென்று தெருவே அதிர்ந்தது. மூன்று நாய்கள் துரத்தின. வேகம் வந்தது உண்மை. ஆனால் பந்தயத்தன்று நாய் வருமென்று என்ன நிச்சயம்?

"ஏங்க, ஓடுறதுக்குன்னு தனியா ஷூ விக்கிறாங்களாம். ஊருக்கே வெல சொல்ற ஆளு, ஒரு ஷூ வாங்கத் தெரியாதா?" என்றாள் அம்சவல்லி. வாங்கத் தெரியாதாமே எனக்கு! பதினாறு வயதில் சைக்கிளில் ஊறுகாய் ஜாடி கட்டி சேத்தியாத்தோப்பு வரைக்கும் விற்றவன் நான்.

12 ஜனவரி

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். குதிரை ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னங்க, ஒண்ணு பெருசா இருக்குது?"

"ஆண் குதிரை டீச்சர். பெருசாத்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைதான். சூளையில் தீக்குப் பக்கத்தில் நின்றது கூடுதலாகச் சுருங்கிவிட்டது. என் சரக்கு முழுக்க இந்த மாதிரி செகண்ட்ஸ்தான். அளவு தப்பியது, புள்ளி விழுந்தது, கொஞ்சம் கோணியது. சரக்கில் இருக்கிற குறையை வாயால் சரிக்கட்டுவதுதான் என் தொழில். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

13 ஜனவரி

கடைவீதியில் பெரிய ஷூக்கடைக்குப் போனேன். ஏ.சி. கடை. ஒரு ஷூவைக் கையில் எடுத்தவுடன் எடை பார்த்தேன். காற்று மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் கனமில்லாத சாமான் நிற்காது. விரலால் சுண்டிப் பார்த்தேன், விரிசல் இருந்தால் சத்தத்தில் தெரிந்துவிடும். சத்தமே வரவில்லை. கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தேன்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஊறுகாய் ஜாடி இல்ல சார் இது. காலுல போட்டுப் பாருங்க" என்றார். ஓடுகிற ஷூ லேசாகத்தான் இருக்க வேண்டுமாம். விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் வேண்டுமாம். என் அளவு எட்டாம். விலை ஆயிரத்து எண்ணூறாம்.

செகண்ட்ஸ் இருக்குதா என்று கேட்டேன். அவர் ஏ.சி.யைக் குறைத்தார்.

17 ஜனவரி

வாங்கிவிட்டேன்!

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பக்கிரி என்று ஒருவன் தள்ளுவண்டியில் ஷூ விற்கிறான். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்காம், கழித்துப் போட்டதாம். நீலத்தில் மஞ்சள் கோடு. லேசோ லேசு. முந்நூற்றைம்பது சொன்னான். குறை இல்லாமல் கழிப்பார்களா? உள்ளே விரலை விட்டு ஷூவின் நாக்கைப் புரட்டி அளவு பார்த்தேன். வலதில் எட்டு, இடதில் ஏழு. சிக்கினான் என்று நினைத்தேன்.

"என்னப்பா, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது?"

அவன் அசரவே இல்லை. "மொதலாளி, வலது காலுதான தள்ளுற காலு? அதுக்கு எடம் வேணும். எடது சும்மா கூட வர்ற காலு. கிச்சுனு புடிச்சிருந்தாத்தான் வேகம்."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் குறை குறைதான் என்று அடித்துப் பேசி இருநூற்றிருபதுக்கு முடித்தேன். ஆயிரத்து எண்ணூறு எங்கே, இது எங்கே!

20 ஜனவரி

இரண்டு சுற்று. இடது கட்டைவிரல் எரிகிறது. கூட வருகிற கால் கூட வர மாட்டேன் என்கிறது.

23 ஜனவரி

நகம் கறுத்துவிட்டது. பொம்மை கட்டுகிற வைக்கோலை நனைத்து இடது ஷூவில் திணித்து வைத்தேன், விரிந்து கொடுக்கட்டும் என்று. காலையில் விரியவில்லை. மாட்டுத் தொழுவ வாசனைதான் வந்தது.

அம்சவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு, "வலது ஷூவ சூளையில வச்சு எடுங்களேன். சுருங்கி ரெண்டும் ஒண்ணாயிடும்" என்றாள். இவளை யார் கேட்டது?

28 ஜனவரி

மார்க்கெட்டில் அகஸ்டினைப் பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறான்! எனக்கும் வலி இடது காலில்தான். நான் நொண்டுவதை எங்கேயோ பார்த்துவிட்டுக் கேலி செய்கிறானா? இல்லை, கால் சரியில்லை என்று காட்டி என்னை அசட்டையாக இருக்க வைக்கிறானா? அவன் எதையும் சும்மா செய்கிற ஆள் இல்லை.

அவனும் பார்க்கட்டும் என்று நான் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினேன். கறிக்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் ஆட்டுக்கால் வேண்டுமா என்று கேட்டார்.

10 பிப்ரவரி

நாளைக்கு. தோற்றால் மறுபடி பதினோராவது கடை. மூட்டைகள் வண்டியேறுவது கண்ணில் நிற்கிறது.

11 பிப்ரவரி, ஞாயிறு

ஆறு மணிக்குத் தனக்கோடி விசிலோடு நின்றார். அகஸ்டின் பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்தான். காலைப் பார்த்தேன். நீலத்தில் மஞ்சள் கோடு. அவனும் என் காலைப் பார்த்தான்.

விசில். முதல் சுற்றில் நான் முன்னால். அதாவது, அவன் எனக்குக் கொஞ்சம் பின்னால் நொண்டினான். இரண்டாம் சுற்றுத் திருப்பத்தில் என்னை முந்தப் பார்த்தான். அப்போது அவன் இடது ஷூ கழன்று பறந்து வந்து என் முன்னால் விழுந்தது. அதில் தடுக்கி நான் விழுந்தேன். என்மேல் அவன் விழுந்தான்.

தனக்கோடி விசிலை ஊதிக்கொண்டே இருந்தார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

எழ முடியவில்லை. கையில் அவன் ஷூ. பழக்க தோஷம், நாக்கைப் புரட்டிப் பார்த்தேன். எட்டு.

"யோவ், உன் அளவு எவ்வளவுய்யா?"

"ஏழு."

"வலதுல?"

"ஏழுதான். எடது மட்டும் எட்டு. எடதுதான் ஊனுற காலு, காத்தோட்டமா இருக்கணும்னான் பக்கிரி. கழண்டு கழண்டு வருது, இழுத்துக்கினுதான் நடக்குறேன்."

"எனக்கு எடது ஏழு. கிச்சுனு இருக்கணும்னான்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவன் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். உட்கார்ந்த இடத்திலேயே இடது ஷூவை மாற்றிக்கொண்டோம். எழுந்து நடந்து பார்த்தேன். அடேயப்பா, இதுதான் ஷூவா! மீதிச் சுற்றுகளை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி முடித்தோம். "யாருய்யா ஜெயிச்சது?" என்று தனக்கோடி கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார்.

பூசை முடிந்ததும் இருவருமாகப் பக்கிரியின் வண்டிக்குப் போனோம். சட்டையைப் பிடிக்கிற கோபத்தில்தான் போனேன்.

"ஏன்டா, என்கிட்டயே வேலையக் காட்டுறியா?"

அவன் கும்பிட்டான். "மொதலாளி, என் கல்யாணத்துக்கு உங்க கடையிலதான் குதிர ஜோடி வாங்குனேன். ஒண்ணு பெருசா இருக்குதேன்னு கேட்டேன். ஆண் குதிரன்னீங்க. என் பொண்டாட்டி இன்னும் அத நம்பிக்கினு இருக்குறா."

அகஸ்டின் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சட்டையைப் பிடிக்க நீட்டிய கையால் வண்டியில் கிடந்த ஷூக்களை நான் ஜோடி பார்க்க ஆரம்பித்தேன்.

திரும்பி வரும்போது அகஸ்டின் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஜோடி சேராத குதிர என்கிட்டயும் ரெண்டு மூட்ட கெடக்குதுய்யா" என்றான்.

13 பிப்ரவரி

தனக்கோடி முன்னிலையில் பேசி முடித்தது: மூலைக்கடை இருவருக்கும் பொது. வாடகை ஆளுக்குப் பாதி. அவன் மூட்டை, என் மூட்டை இரண்டையும் ஒரே பாயில் கொட்டி, அளவு பார்த்துச் சேர்த்துத்தான் குதிரை விற்பது. ஆண் குதிரைப் பேச்சு கூடாது. பக்கிரிக்கு ஒரு சரியான ஜோடி இலவசம். தினமும் காலை ஆறு மணிக்கு நாலு சுற்று, வராதவன் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். குதிரை ஜோடி எண்பது ரூபாய். ஒற்றையாகக் கிடையாது.