தூளி கட்டின லுங்கி

ரேணிகுண்டா
2.7.98

அமுலுவுக்கு,

நீயும் பாப்பாவும் சொகமா? அம்மா முட்டிவலி எப்டி கீது? நான் நல்லாத்தான் கீறேன், கொஞ்சம் அசதி.

பழைய பேட்டரி உருக்கி ஈயம் எடுக்கற எங்க கம்பெனிக்கு டாக்டர் வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாரு. எனக்கு ஈயம் ஜாஸ்தியாம். பயப்படாத, வெல்லம் துன்னா எறங்கிடும்னு மேஸ்திரி சொல்றாரு. இப்ப உலைய வுட்டு கேட்டாண்ட காவலுக்கு நிக்க வெச்சிட்டாங்க.

ஈயத்தூள் துணியில ஒட்டிக்குமாம், கொழந்தைக்கு ஆவாதாம். நான் அங்க வுட்டுட்டு வந்த வேலை லுங்கியிலதான பாப்பாவுக்குத் தூளி கட்டிக்கீற? இப்பவே அவுத்துப் பொதச்சிடு, உன் பொடவையில கட்டு. பாப்பாவ புத்தூர் ஆஸ்பத்திரியில காட்டு.

வாயெல்லாம் இரும்பு ருசி. யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா எலுமிச்ச ஊறுகா குடுத்தனுப்பு.

ஆடிக் கிருத்திகைக்கு வரேன். பாப்பா எங்கிட்ட ஓடியாந்தா புடிச்சி நிறுத்து. குளிச்சிட்டு வந்து நானே தூக்கிக்கறேன்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிட்டான்.

முனிரத்தினம்