தபசுகாலத்தில் நான் வாசித்தவை

மார்ச் 3, புதன்
காற்றே இல்லை. எனக்குக் கண் மங்கிவிட்டதாம், வீறாப்புக்காகப் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருக்கிறேனாம். மாதா கோவில் முற்றத்துப் பேச்சு. பொய். ஊசி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறேன். பாஸ்குத் திருநாளுக்கு முந்திய இந்தத் தபசு மாதம் வாசிப்பதை எல்லாம் இங்கே குறிப்பேன்.
முதலாவது: தலைமன்னார்க் கப்பலில் வந்த துப்பறியும் நாவல். நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் தெரிந்துவிட்டான். ஆனாலும் முடித்தேன்.

மார்ச் 8, திங்கள்
அர்ச்சிஷ்டவர் சரித்திரம் என்ற புனிதர் வரலாறு, மூன்று அதிகாரம். மனம் நிற்கவில்லை. எழுந்து அலுமாரி துடைத்தேன். பிறகு வைத்திய நூல், மூட்டுவலிப் பகுதி. அதையும் வைத்துவிட்டு ஆங்கிலப் பயணக் கதை ஒன்று. பனிமலை, நாய் இழுக்கும் வண்டி. இந்த வெக்கைக்கு நல்லது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். இரண்டாம் பக்கத்தில் நித்திரையாகியிருப்பார்.

மார்ச் 13, சனி
பக்கத்து ஊர் தாராபுரத்து வியாபாரியின் மனைவி கதீஜா உம்மா வந்தா. நபிமார் கதை சொல்லும் பாட்டுப் புத்தகம் தந்தா.
"வாசிச்சிட்டுத் தாங்கோ அக்கா. நிலத்தில மட்டும் வைச்சிராதேங்கோ."
"நான் புத்தகத்தை நிலத்தில வைக்கிறனான் எண்டு ஆர் சொன்னது?"
"கோவியாதேங்கோ. எங்கட மனுசருக்கும் இதைத்தான் சொல்லுறனான்."

மார்ச் 19, வெள்ளி
முடித்துக் கொடுத்தாயிற்று. பிள்ளையைப் பிரிந்த தகப்பனின் அழுகை மட்டும் நாற்பது பாட்டு. அதிகம்தான். ஆனால் ஒன்றையும் தாண்டிப் போக முடியவில்லை.

மார்ச் 22, திங்கள்
பிழை என்னுடையதே. அடையாளத்துக்கு வைத்த மாதா படத்தை அந்தப் புத்தகத்துக்குள் விட்டுவிட்டேன். கதீஜா உம்மா படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, புத்தகத்தோடு கொண்டுவந்தா. அந்த நேரம் பார்த்துக் கோவில் உபதேசியார் என் வீட்டுக் கதிரையில் இருந்தார்.
"சோனகரின்ர வேதத்துக்குள்ள மாதாவோ?"
"வேதமில்லை, கதை" என்றேன்.
"கதையெண்டா இன்னும் மோசம்."
"எங்களுக்கும் அவ மரியம்தான், உபதேசியார்" என்றா கதீஜா உம்மா. "அதுதான் துணியில சுத்தினனான்."
உபதேசியார் தேத்தண்ணி குடிக்காமலே போனார். புத்தகம் அவவோடு போயிற்று.

மார்ச் 27, சனி
பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உபதேசியார் முந்திப் போய் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார்.
"அந்தக் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து ஒப்படையுங்கோ அம்மா. பிறகு மன்னிப்புத் தாறன்" என்றார் சுவாமி.
"எல்லாமோ சுவாமி?"
"எல்லாம்."
"நீங்கள் அதுகளை வாசிச்சனீங்களோ?"
பாவசங்கீர்த்தனக் கூண்டின் சன்னல் பலகை மூடிய சத்தம். மன்னிப்பில்லாமல் எழுந்தேன். வரிசை முழுவதும் பார்த்தது.
மன்னிப்பில்லாவிட்டால் நற்கருணையும் இல்லை. சிறுவயதில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து ஒரு பாஸ்குத் திருநாளுக்கும் நற்கருணை தவறியதில்லை. வாசிக்க எடுத்த எதுவும் ஓடவில்லை.

மார்ச் 28, குருத்து ஞாயிறு
எல்லோரும் நற்கருணைக்கு எழுந்தார்கள். நான் மட்டும் மர வாங்கிலேயே இருந்தேன். பின்னால் இரண்டு பேர் என்னைப் பற்றி:
"மாமிக்குச் சுகமில்லையோ?"
"சுகமில்லாதவ இவ்வளவு நிமிர்ந்து இருப்பாவோ?"
வீட்டுக்கு வந்து அழுதேன். பத்து நிமிடம்.

மார்ச் 30, செவ்வாய்
சுவாமிக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி:
"பாட்டுப் புத்தகம் என்னுடையது அல்ல, உரியவரிடம் இருக்கிறது. நாவலையும் பயணக் கதையையும் இத்துடன் அனுப்புகிறேன். தயவுசெய்து வாசியுங்கள். பாவமான பக்கங்களைக் குறியுங்கள். குறித்த பக்கங்களுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுவேன். மற்றவற்றுக்கு என்னால் முடியாது. வருகிற ஞாயிறு பாஸ்கு. எனக்கு நற்கருணை வேண்டும். உபதேசியாரிடம் வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம். சனிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள்."