பதினோரு தடவை மன்னிச்சாச்சு

தை 11, சனி

குளிர். எங்கள் மர்பி டவுனில் விடியும்போதே தூறல். ஆனேக்கல் போய்ச் சேர எட்டு மணி. மூடிக் கிடக்கும் ஒரு பட்டுநூல் ஷெட். பேத்தி தீபா எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வேலை போக, சனி ஞாயிறில் சினிமா எடுக்கிறாள். பேய்ப் படம், ஆனால் பேய் இல்லையாம், விஞ்ஞானமாம். நானும் நடிக்கிறேன்.

கதை: ஒரு சாமியார் கூட்டம். எல்லாருக்கும் வெள்ளைச் சேலை. சாயங்காலம் ஒருத்தி டம்ளரில் தண்ணீர் நீட்டி இன்னொருத்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் "மன்னிச்சாச்சு" என்று சொல்லிக் குடிக்க வேண்டும். குடித்ததும் எல்லாரும் சாவு. கண் விழித்தால் மறுபடி அதே காலை, அதே நாள். மன்னிப்பு உண்மையாக இருந்தால்தான் மறுநாள் விடியுமாம்.

கதையைவிடப் பெரிய அதிர்ச்சி, எனக்கு டம்ளர் நீட்டப்போகிறவள் காந்தா. என் ஓரகத்தி. இருபத்தாறு வருஷமாகப் பேச்சில்லை. தீபா என்னிடம் மூச்சுவிடாமல் கூட்டி வந்திருக்கிறாள்.

"சும்மா நடிப்புதான ஆயா."

"அவ நடிப்பு எனக்குத் தெரியாதா."

திரும்பிப் போயிருப்பேன். வண்டியை அனுப்பிவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன். மறந்துவிடும் என்று இல்லை. எனக்கு எதுவும் மறக்காது. அன்று வியாழன், தண்ணீர் விடும் நாள். குடியாத்தத்திலிருந்து எங்கள் மாவு மில்லுக்குப் போன். என் அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வரச்சொல்லி. எடுத்தவள் காந்தா. என்னிடம் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மண்மேடுதான். அன்று நான் நின்ற குழாயடிக்கும் வந்தாள். மஞ்சள் சேலை. காலில் செருப்பில்லை. பாதமெல்லாம் ராகி மாவு. வந்தும் வாய் திறக்கவில்லை.

தை 12, ஞாயிறு

வெயில். முழங்கால் வலி. பதினோரு டேக். ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், தலைமுடி கூட மாறக்கூடாது.

மேக்கப் பெண் கன்னடத்தில், "நகபேடி அஜ்ஜி." நான் எங்கே சிரித்தேன். என் முகமே அப்படி.

காந்தா பதினோரு தடவை "என்னை மன்னிச்சிருங்க." நான் பதினோரு தடவை "மன்னிச்சாச்சு." பல்லைக் கடித்துக்கொண்டு.

மத்தியானம் புளியோகரே. ஆறிப்போனது.

பிறகு ஒரு தகராறு. டம்ளரை எந்தக் கையால் வாங்கினேன் என்று தீபா கேட்டாள். வலது என்றேன். காந்தா மெல்ல, "இடது கண்ணு."

"என் ஞாபகத்தை இவ சொல்றாளா. போட்டுப் பாரு தீபா."

போட்டாள். சின்னத் திரையில் நான். இடது கை. பதினோரு தடவையும் இடது.

வலது உள்ளங்கையில் டம்ளரின் குளிர் இன்னும் இருக்கிறது. படத்தில் இல்லை.

எல்லாரும் டீக்குப் போனார்கள். காந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தாங்க்கா. குழாயடியில சொன்னேன். உங்கம்மா இழுத்துக்கிட்டு கெடக்குதாம், கெளம்புங்கன்னேன். நகை பூரா தம்பிக்குக் குடுத்தவதான, சாவட்டும்னு கொடத்தத் தூக்கிட்டுப் போனீங்க."

"பொய்."

"சரி, பொய்."

"நெசம்னா இத்தன வருஷம் ஏண்டி வாயத் தொறக்கல?"

"பெத்தவள அப்பிடிச் சொன்னீங்கன்னு தெருவே பேசும். என்னைய பேசட்டும்னு உட்டுட்டேன்."

அவ்வளவுதான். அவளும் டீக்குப் போனாள்.

தை 14, செவ்வாய்

தண்ணீர் வந்தது. பிடிக்கவில்லை. மாத்திரை போட்டேனா இல்லையா, தெரியவில்லை. இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவோடு அப்போது எனக்குப் பேச்சில்லை. நகைக் கோபம். வெளியில் சொன்னால் வெட்கம் என்று என் வீட்டுக்காரரிடம் கூடச் சொன்னதில்லை. காந்தாவுக்கு எப்படித் தெரியும்? என் வாயிலிருந்து வந்தால் ஒழிய.

திரும்பத் திரும்ப அந்த வியாழனுக்கே போகிறேன்.
மஞ்சள் சேலை, உண்டு.
மாவு, உண்டு.
என் நீலக் குடம், உண்டு.
செருப்பு, இல்லை.

மில்லிலிருந்து குழாயடி இரண்டு தெரு. கல்லும் சாக்கடையும். சும்மா வருகிறவள் செருப்பை விட்டுவிட்டா வருவாள்? ஓடி வந்திருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக அந்த வெறுங்காலை அவள்மேல் குற்றமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் வெறுங்கால் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

நான் சொன்ன சொல் மட்டும் ஞாபகத்தில் இல்லை. அந்த இடம் வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது. அன்றைக்கு யாரும் படம் பிடிக்கவில்லை.

தை 18, சனி

மேகமூட்டம். கடைசிச் சுற்று. இதில் ஆள் மாறுகிறது. டம்ளர் என் கையில், மன்னிப்புக் கேட்பது நான். கதையில் முதலிலிருந்தே அப்படித்தானாம். யார் படித்தார்கள்.

காந்தா வெள்ளைச் சேலையில் எதிரே. கீழே பார்த்தேன். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் செருப்பு கிடையாது.

தீபா ஆக்‌ஷன் சொன்னாள். டம்ளரை நீட்டினேன். வலது கை. பார்த்துத்தான் நீட்டினேன்.

"என்னை மன்னிச்சிரு காந்தா."

படத்தில் அவளுக்கு வேறு பேர். வாயில் அதுதான் வந்தது.

வாங்கிக்கொண்டாள். வசனம் சொல்லவில்லை. குடிக்கவும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சின்ன ஆயா, டயலாக் மறந்துட்டீங்களா?"

"மறக்கல கண்ணு. அக்கா இன்னொரு தடவ கேக்கட்டும்."