ஒரு கிலோ பட்டு நூலுக்கு எத்தனை கிலோ புகை

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பட்டுக்கூடு வேகும் நாற்றம் துப்பட்டா வரை.

பெங்களூர் ஜவுளிக்காரர்கள் வருஷம் முழுக்க நம் யூனிட்டில் நூல் எடுப்பார்களாம். ஒரே நிபந்தனை, வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. மல்பெரி நட்டதிலிருந்து நூல் உருவும் வரை உரம், தண்ணீர், விறகு, கரண்ட் எல்லாம் கூட்டி, கிலோவுக்கு எவ்வளவு கார்பன் என்று காட்ட வேண்டும். அவர்கள் வரம்பைத் தாண்டினால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் இரண்டாவது மெஷினை விற்கிறாராம் அத்தா. அதில் வேலை செய்யும் நாலு பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை கெடு.

போன வாரம் விவசாயிகளிடமும் அத்தாவிடமும் கேட்டு நிரப்பிய ஃபாரங்களைக் கூட்டினேன். வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு! பாதிக்கு மேல் உரம்.

அத்தா: "பாத்தியா? மல்பெரிக் காட்டுக்காரங்க மூட்டை மூட்டையா கொட்டறாங்க. கொஞ்சம் குறைச்சுப் போடும்மா, யாரு பாக்கப் போறா?"

நான் பார்ப்பேனே. அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. மதியம் சாப்பிடவில்லை. (சாயங்காலம் பஜ்ஜி, ஆறு.)

ஜூலை 16, புதன்

பென்னாகரம் பஸ். நின்றுகொண்டே.

நமக்குக் கூடு தரும் மாதேசண்ணன் தோட்டம். ஃபாரத்தில் ஏக்கருக்குப் பதினாலு மூட்டை யூரியா. அவ்வளவு போட்டிருந்தால் செடி கருகியிருக்கும்.

"நெசமா எத்தனை மூட்டைங்கண்ணா?"

தலையைச் சொறிந்தார். "ஆறுதான் பாப்பா. ஃபாரத்தோட வந்தியா, மானியத்துக்குன்னு நெனச்சுக் கூட்டிச் சொல்லிப்புட்டேன். குறைச்சுச் சொன்னா குறைச்சுத்தானே குடுப்பாங்க?"

சிரித்துச் சிரித்து வயிறு வலி. மற்ற ஒன்பது விவசாயிகளிடமும் கேட்டேன். எட்டுப் பேர் இதே கதை. ஒருவர் மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அவருக்குத்தான் வருத்தம்.

ஜூலை 17, வியாழன்

புது எண்: வரம்புக்கு மயிரிழை கீழே. குதித்தேன். மெஷின் அக்காக்களுக்கு டீ, பன்.

அத்தாவிடம் மாதேசண்ணன் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"விறகை நானும் மாத்தித்தாம்மா சொன்னேன், குறைச்சு. விறகு எவ்வளவுன்னு கேட்டு இதுவரைக்கும் எந்த ஆபீசரும் நல்லதுக்கு வந்ததில்ல. வாயில அப்படியே வந்துருச்சு. வாரத்துக்கு ரெண்டு டன் இல்ல, மூணு."

மறுபடி கூட்டினேன். வரம்புக்கு மேலே. கொஞ்சம்தான், ஆனாலும் மேலே. அழுகையே வந்துவிட்டது.

அத்தா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தண்ணிய சோலார்ல கொஞ்சம் சூடு பண்ணிட்டு பாய்லருக்கு விட்டா?"

கணக்கில் போட்டுப் பார்த்தேன். இறங்கியது. நன்றாகவே.

ஜூலை 18, வெள்ளி

மேகமூட்டம். உள்ளதை உள்ளபடி அனுப்பியாச்சு. வரம்புக்கு மேலே நிற்கும் எண், உரத்திலும் விறகிலும் எங்கள் இரண்டு தப்பும், சோலார் யோசனை. விறகுத் தாளில் அத்தாவின் கையெழுத்து.

ஜும்மா தொழுகை முடிந்து வந்ததிலிருந்து அத்தா "பதில் வந்துச்சா?" நாலு தடவை.

4.10. வந்தது. "தப்பை நீங்களே எழுதியது பிடித்தது. சோலார் வரும்வரை பாதி ஆர்டர், பிறகு முழுவதும்."

பாதிக்கே இரண்டு மெஷினும் ஓடும்! இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அத்தா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.