நாற்பது பேரும் 'இல்லை' என்றார்கள்

21 ஜனவரி 1991, திங்கள்

இன்றும் எட்டு ஆய்வுப் படிவம். எட்டுப் பேரும் 'இல்லை'. போன வாரத்தையும் சேர்த்தால் நாற்பது. ஒரகடம் பக்கத்துக் கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்களில் ஒருத்திக்குக்கூடப் புகையிலைப் பழக்கம் கிடையாதாம்! பாப்பம்மாள் அக்கா, "அதெல்லாம் நமக்கு ஆவாது கண்ணு" என்று சொல்வதற்காக, வாயில் இருந்ததை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். வேறென்ன செய்ய?

22 ஜனவரி

படிவங்களைப் புரட்டிவிட்டு, ஆராய்ச்சியை நடத்தும் ராஜலட்சுமி மேடம் சிரித்தார். "எழில், இது உண்மைன்னா நம்ம ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. பல்கலைக்கழகத்துல எல்லாரும் தூங்கலாம்." பிறகு சிரிக்காமல், "மாசக் கடைசிக்குள்ள நம்பற மாதிரி பதில் வரலேன்னா இந்த ஊரை விட்டுடணும்" என்றார்.

எனக்குப் பயம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாத காரணம்.

டிசம்பரில், கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, மேடம் எங்களையே முதலில் நிரப்பச் சொன்னார். மூன்று பேர்தானே அணி — மேடம், நர்ஸ் ஷெர்லின், நான். என் படிவத்திலும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது.

எழுதிவிடுகிறேன். மூக்குப்பொடி. எம்.ஏ. இரண்டாம் வருடத்திலிருந்து. பரீட்சைத் தலைவலிக்கு விடுதிச் சமையல்கார அம்மா ஒரு சிட்டிகை கொடுத்தார். பரீட்சை முடிந்தது, பொடி முடியவில்லை. குன்றத்தூர்க் கடையில் "பெரியப்பாவுக்கு" என்று சொல்லி வாங்குகிறேன். எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

24 ஜனவரி

நாளை பொடி டப்பாவை எடுத்துப் போகக் கூடாது.

25 ஜனவரி, வெள்ளி

எடுத்துப் போனேன்.

சாப்பாட்டு நேரம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி ஒரு சிட்டிகை எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரே குடத்தோடு, ஜல்லி உடைக்கும் லூர்தம்மாள் அக்கா.

"இன்னா டீச்சர், பொடியா?" தாளும் பேனாவுமாக வருவதால் அவர்களுக்கு நான் டீச்சர்.

"இல்லக்கா, தூசி..."

"தூசி டப்பாலயா வருது?"

அப்போது பார்த்துத்தானா தும்மல் வரவேண்டும்? ஒன்றல்ல, நான்கு. அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ பாப்பம்மா, ஓடியா! டீச்சரு நம்ம ஆளுடி!"

பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். டப்பாவை முந்தானையில் மறைத்தேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்றேன்.

"நாங்க யாராண்ட சொல்லப் போறோம்? நீதான் எல்லாத்தையும் எய்திகினு போற. மேஸ்திரி காதுக்குப் போனா வேலைய வுட்டுத் தூக்கிடுவான்னு நாங்க பயந்துகினு கீறோம்."

அட! அதுதானா? நாற்பது பேரிடம் கேட்டும் எனக்கு இது தோன்றவில்லையே. பையிலிருந்து படிவங்களை எடுத்துக் கொடுத்தேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர் லூர்தம்மாள் அக்கா. ஒவ்வொரு தாளாக எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பேரே இல்லடி. வெறும் நம்பருதான்" என்று அறிவித்தார்.

அப்புறம் நான் கேள்வியே கேட்கவில்லை. அவர்களாகவே பேசினார்கள்.

"பழக்கம்னா சாராயம் குடிக்கறது. பொயலை பழக்கமா? அது சோறு டீச்சர்" என்றார் பாப்பம்மாள் அக்கா. "காலீல கஞ்சி குடிச்சா ரெண்டு மணி வரிக்கும் பசி தாங்கணும்ல? புள்ள வயித்துல கீறப்பவும் அதத்தான் போட்டுகினு கல்லு உடைச்சேன். புள்ள எலிக்குஞ்சு மாதிரி பொறந்துச்சு."

கடைசி வாக்கியத்தையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். கை வலிக்கிறது. எத்தனை நாள் கழித்து இப்படி வலிக்கிறது!

28 ஜனவரி, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். தொட்டி, தும்மல், எல்லாம்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "அப்போ உன்னோட டிசம்பர் படிவம்?"

"அதுவும் பொய் மேடம். வேலை போயிடுமா?"

"திட்டணும். திட்டிட்டேன்னு வெச்சுக்கோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட வேலை செய்யற நீயே என்கிட்ட மறைச்சிருக்கேன்னா, கேள்வி கேட்கற விதத்துலதான் கோளாறு. அதை முதல்ல மாத்துவோம்."

பிற்பகல் குவாரிக்குப் போய், எப்படிக் கேட்கவேண்டும் என்று லூர்தம்மாள் அக்காவையே கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல மேடம் எழுதினார். 'பழக்கம் உண்டா?' என்பது போய், 'பசிக்கு, பல்வலிக்கு, அசதிக்கு வாயிலோ மூக்கிலோ என்ன போடுவீர்கள்?' என்று வந்துவிட்டது.

31 ஜனவரி

புதுக் கேள்விக்கு நாற்பதில் முப்பத்தொன்று 'உண்டு'. ஷெர்லின் டார்ச் அடித்து எல்லார் வாயையும் பார்த்தாள். லூர்தம்மாள் அக்காவின் இடது கன்னத்துக்கு வந்ததும் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். உள்ளே வெள்ளையாய் ஒரு திட்டு.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரியில காட்டணும்க்கா."

"அதெல்லாம் வாணாம். ஒரு நாள் கூலி போவும்."

நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பொடிய வுடு. நானும் பொயலைய வுட்டுட்டு வரேன். இன்னா சொல்ற?"

டப்பாவைக் கொடுத்தேன். குவாரிக் குட்டையில் வீசினார். நல்ல கை. நட்டநடுவில் போய் விழுந்தது.

3 பிப்ரவரி, ஞாயிறு

தலை வெடிக்கிறது. இரண்டு முறை கடை வரைக்கும் போனேன். இரண்டாம் முறை கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைக்காரர், "பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

7 பிப்ரவரி

ஆஸ்பத்திரி. கன்னத்தில் துளி சதை வெட்டிச் சோதனைக்கு எடுத்தார்கள். அக்கா என் விரல்களை நசுக்கிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தபோது, "என் சின்னதுக்கு ஏழு வயசுதான் ஆவுது எழிலு" என்றார். முதல் தடவையாக டீச்சர் என்று சொல்லவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

12 பிப்ரவரி

இன்னும் முடிவு வரவில்லை. சோறு இறங்கவில்லை.

18 பிப்ரவரி, திங்கள்

புற்று இல்லை! இல்லவே இல்லை!

புகையிலையைத் தொடாமல் இருந்தால் திட்டு தானாகவே மறையலாமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும். டாக்டர் சொல்லி முடித்ததும், "அப்போ பல்ல புடுங்க மாட்டீங்களே?" என்று கேட்டார் அக்கா. இத்தனை நாளும் அதற்கும் சேர்த்துப் பயந்திருக்கிறார்! ஷெர்லின் அழுதுகொண்டே சிரித்தாள். வாசலில் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம்.

4 மார்ச், திங்கள்

இன்று மணிமங்கலம். புது ஊர், புதுப் படிவம், அணியில் இப்போது நான்கு பேர். லூர்தம்மாள் அக்காவை மேடம் ஆறு மாதத்துக்கு வேலைக்கு எடுத்திருக்கிறார். அக்கா கஞ்சி போட்ட நீலப் புடவையில் வந்தார், கையில் அட்டை, காதில் பேனா.

முதல் வீட்டில் ஒரு பெண் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இன்னொரு முறத்தை எடுத்துக்கொண்டார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். முறம் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் இருபது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

கிளம்பும்போது அந்தப் பெண் எழுந்து கும்பிட்டாள். "மறுபடி எப்ப வருவீங்க டாக்டரம்மா?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அக்கா மறுக்கவில்லை. காதிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த வாரம் வரேன்மா, உடம்பப் பாத்துக்கோ" என்றார்.