தொண்ணூறுக்குக் கொஞ்சம் குறைய

வாண்டின் அப்பாவுக்கு,

அன்புடன் எழுதுவது. வீட்டில் நானும் உங்கள் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நேற்றுதான் போனில் கேட்டேன். ஆனால் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்ததுமே, சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்ல செய்தி. வாண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வரும்வரை புதுப் பல் முளைக்கக் கூடாது என்று கண்ணாடி முன் நின்று பல்லுக்கே உத்தரவு போடுகிறாள். அதிகாரம் பண்ணுவது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஏழாம் வகுப்புக்கு வடிவியல் எடுக்கிறேன். கரும்பலகையில் முக்கோணம் போட்டால் கடைசி வரிசை அப்படியே கண்ணயர்கிறது. சரி, முக்கோணத்தை இவர்களே தேடிப் பிடிக்கட்டும் என்று வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். சாய்த்து வைத்த ஏணி, பாதி திறந்த கதவு, வாட்ச்மேனின் மடக்கு நாற்காலி என்று ஒன்று விடாமல் கோணம் அளந்தார்கள். பூட்டு ரிப்பேர்காரரின் மகன் ஒருவன் இருக்கிறான், கோணம் என்றால் கோணலா டீச்சர் என்று கேட்டான். நேராக நின்றால் செங்கோணம், இல்லாவிட்டால் கோணல்தான் போ என்றேன் விளையாட்டாக. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கோணல் டீச்சர். நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

அடுத்து ஒரு கருவி செய்தோம். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், தூக்குக்குண்டோடு பிறந்த கொத்தனார் நீங்கள். நீளமான மரச்சட்டத்தில் ஒரு பெரிய பாகைமானியைத் தலைகீழாக ஒட்டி, அதன் நடு ஓட்டையிலிருந்து நூலில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டோம். சட்டத்தைச் சுவரில் அழுத்திப் பிடித்தால், சுவர் நேராக இருக்கும்வரை நூல் தொண்ணூறில் நிற்கும். பள்ளிக்கூடம் முழுக்க அழுத்திப் பார்த்தார்கள். வாசல் நிலை தொண்ணூறு. வராந்தா தூண்கள் தொண்ணூறு. ஆய்வகத்து அலமாரி மட்டும் கொஞ்சம் குடித்த மாதிரி நிற்கிறது.

பிறகு விளையாட்டு மைதானத்தின் பின்சுவருக்குப் போனார்கள். அங்கே ஒரே சண்டை. பாதிப் பேர் எண்பத்தேழு என்று எழுதியிருக்கிறார்கள், பாதிப் பேர் தொண்ணூற்று மூன்று. கண்ணாடிக்காரி என்று ஒரு பெண், வாயே திறக்காத பெண், அவள்தான் பஞ்சாயத்தைத் தீர்த்தாள். பாகைமானியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும், ஒன்று இடமிருந்து, ஒன்று வலமிருந்து. எந்த வரிசையைப் படித்தாலும் நூல் நிற்கிற இடம் ஒன்றுதான், ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணுதான் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் அவளே மெதுவாக, "அப்ப தொண்ணூறு எங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

நானே சட்டத்தை வாங்கி, அந்தச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வைத்துப் பார்த்தேன். மைதானத்துப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு வேறெதுவும் தெரியவில்லை.

அது நீங்கள் உயர்த்திக் கொடுத்த சுவர். பந்து ரோட்டுக்குப் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், இந்த வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நீங்கள் கடைசியாகச் செய்த வேலை அது. பழைய சுவர் மேலேயேதானே ஏற்றினீர்கள்? அதன் அஸ்திவாரம் அவ்வளவு பாரம் தாங்குமா? நீங்கள் சொன்னால் நான் நிம்மதியாக இருப்பேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மதியம் அந்தச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். நம் வாண்டு சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு, இது எங்க அப்பா கட்டினது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உயரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்ட மறக்காதீர்கள். பதில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கோணல் டீச்சர்

———

வாண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுவது பற்றி ஒரு முழுப் பத்தி. மகளுக்கு என்ன நிறத்தில் ஷூ வேண்டும் என்று ஒரு பத்தி. அங்கே தண்ணீர் உப்பாக இருப்பதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். சுவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கடிதத்தைத் திருப்பி, ஓரத்தில் எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்தேன். பூசி மெழுகுவது உங்கள் தொழில்தான், ஆனால் என்னிடம் வேண்டாம்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் எடுத்த அளவுகளைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கணக்கு வாத்தியார் இல்லை, வரலாறு. எண்பத்தேழையும் தொண்ணூற்று மூன்றையும் பார்த்தார். ஒரே சுவருக்கு எப்படி ரெண்டு கோணம் இருக்கும், பிள்ளைங்க கைத்தவறு இது என்றார். பாகைமானியைக் காட்டி விளக்கினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால்குலேட்டரை எடுத்து இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். முகம் அப்படியே மலர்ந்தது. "பாருங்க டீச்சர், சராசரி தொண்ணூறு. செங்கோணம். நீங்கதான் பாடம் எடுக்குறீங்க, நான் சொல்ல வேண்டியிருக்கு" என்றார். மேலே அதிகாரிகளுக்கும் அப்படியே எழுதிவிட்டார், சுவர் சராசரியாக நேராக இருக்கிறது என்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

பாடம் நிற்கவில்லை. அடுத்த பாடம் நிழல். ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை அளந்து, சுவரின் நிழலையும் அளந்தால், ஏறாமலே சுவரின் உயரம் கிடைத்துவிடும். கண்ணாடிக்காரியின் குழுதான் கண்டுபிடித்தது. அப்புறம் பூட்டுக்காரர் மகன், உயரம் தெரிஞ்சா சுவர் விழுந்தா எதுவரைக்கும் வரும்னு தெரியுமே என்றான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியம். சுவரிலிருந்து அந்த உயரத்தின் அளவுக்குத் தள்ளி, விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த சுண்ணாம்புத் தூளால் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். சின்னப் பிள்ளைகளையெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். நிழல் இல்லை, வெயில். ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

தலைமையாசிரியர் கொதித்துவிட்டார். நான் பீதியைக் கிளப்புகிறேனாம். பிள்ளைகள் படிக்காமல் வெயிலில் சுற்றுகிறார்கள் என்று பெற்றோர் புகார் சொல்கிறார்களாம். இனி வடிவியல் என்றால் நாலு சுவருக்குள்தான், மீறினால் வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லி எழுதுவேன் என்றார். கோட்டைப் பெருக்கச் சொல்லி ஆயாவை அனுப்பினார்.

போன வாரம் விடாமல் மழை. மழை விட்டதும் நான் மட்டும் போய்ச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். எண்பத்தாறு. மற்ற வரிசையில் தொண்ணூற்று நான்கு. அவர் கணக்கில் இப்போதும் தொண்ணூறுதான். சுவர் தரையில் படுத்தாலும் அவர் கணக்கில் தொண்ணூறுதான்.

அந்த வேலை முடிந்த அன்று சாயங்காலம் நீங்கள் கை கழுவிக்கொண்டே இருந்தீர்கள். சிமெண்ட் எப்போதோ போயிருக்கும், ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். அடியில தோண்டிப் பாக்கணும்னு சொன்னேன், பள்ளிக்கூடத்துல விடலை என்று உங்களுக்கு நீங்களே சொன்ன மாதிரி சொன்னீர்கள். என்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்லை, சோறு போடு என்றீர்கள். அன்றைக்கு நானும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

தலைமையாசிரியருக்கு நீங்கள் எழுதுங்கள். நான் சொன்னால் டீச்சர் சொல்கிறாள், பிள்ளைகள் சொன்னால் கைத்தவறு. கட்டினவர் சொன்னால் யாரும் சராசரி போட முடியாது. உங்கள் பெயர் கெட்டுவிடும், அங்கே மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. எனக்கும் பயம்தான். ஆனாலும் எழுதுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
நான்தான்

———

வாண்டின் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தலைமையாசிரியருக்கும் வரவில்லை, அவர் மேஜையைத் தினமும் பார்க்கிறேன். போனில் கேட்டால் வேலை அதிகம் என்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத இந்தத் தாள் போதாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பு நான் சொன்னதையும் கேட்கவில்லை, அவர் சொன்னதையும் கேட்கவில்லை. காலையில் ஆயா பெருக்குகிறாள், மணி அடிப்பதற்குள் யாரோ மறுபடி கோடு போட்டுவிடுகிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. கோடு அங்குலம் பிசகாமல் அதே இடத்தில் இருக்கிறது. எத்தனையோ வருஷம் அளவுகோலைப் பிடித்து மாரடித்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக யாரும் கோடு போட்டதில்லை. சின்னப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, தாண்டினால் அவுட் என்று இந்தப் பக்கமே இருந்தார்கள்.

ஒருத்தியைத் தவிர. உங்கள் மகள்.

அவள் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் திரும்பப் போய்விட்டாள். திட்டினேன். ஒருநாள் அடித்தும்விட்டேன், அடித்துவிட்டு நானே அழுதேன். அவள் அழவில்லை. எங்க அப்பா கட்டினது விழாது, அப்பா சொன்னா எந்திரிக்கிறேன் என்கிறாள்.

வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் பெண்ணை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்கு நான் எந்த முகத்தோடு பாடம் எடுப்பது? அதுவும் தவிர, விஷயம் கைமீறிப் போய்விட்டது. இவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்து, இவளோடு இன்னும் இரண்டு மூன்று குட்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. வெயிலில் காய்வதை விட அது சுகம்தானே. நேற்று நான் தலைமையாசிரியரிடம் மறுபடி போய் நின்றபோது அவர் ஜன்னலைத் திறந்து காட்டினார். "உங்க பொண்ணே அங்கதான உக்காந்திருக்கு டீச்சர், அப்புறம் என்ன?" என்றார். கண்ணாடிக்காரி கோட்டின் மேல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் இனி தலைமையாசிரியருக்கு நீங்கள் எழுத வேண்டாம். அதிகாரிகளுக்கும் வேண்டாம். எனக்குக்கூடப் பதில் வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அதனால் பெரிய பெரிய எழுத்தாக, ஒட்டாமல் எழுதுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாள், உங்களுக்குத் தெரியும் அவளை, ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். அந்த ஏனையும் எழுதுங்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். தாளில் இருந்தால் கூட உட்கார்ந்திருக்கிற குட்டிகளுக்கும் காட்டுவாள். அப்பாவிடமிருந்து வந்தது எதையும் அவள் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டாமல் இருந்ததே இல்லை. தலைமையாசிரியர் அறைக்கும் அவளே கொண்டுபோவாள்.

நான் படித்துச் சொல்லமாட்டேன். அவளே படிக்கட்டும். படித்த பிறகு உங்களைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று பயப்படாதீர்கள். அவள் எழுந்து வருவாள், அது போதும். மற்றதை நாம் இரண்டு பேரும் இருந்து அவளுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் எங்கே நின்றாலும் உங்கள் காலடியில் தரை உறுதியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மறுபடி மழை இருட்டிக்கொண்டு வருகிறது. தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா