காலி பஸ்ஸும் ஒரு மாலையும்

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் துஷாந்துக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், கட்டார் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் கவலை, தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடி. நீ ஓட்டுகிற கரண்டு பஸ்ஸின் படத்தை அம்மா லயத்து வீடுகள் முழுக்கக் காட்டிவிட்டாள், புகையும் இல்லை சத்தமும் இல்லை என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. ஆபீஸ்காரர்கள்கூடக் காரை வீட்டில் விட்டுவிட்டு உன் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்றாயே, இங்கே கதை தலைகீழ். ஆளுக்கொரு த்ரீவீலும் பைக்கும் வாங்கி, பதுளை டவுனில் கால் வைக்க இடமில்லை. நம் தேயிலைத் தோட்டத்துப் பஸ்ஸில் ஆள் குறைகிறது, நிறுத்தப் போகிறோம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அது நின்றால் பதுளையில் படிக்கிற உன் தங்கச்சி ஜீவராணியின் படிப்பும் அதோடு முடிந்தது. நீ பைக் வாங்கித் தருகிறேன் என்கிறாய், மழையில் அந்த வளைவுகளில் அவளைத் தனியாகப் போக விட மாட்டேன்.

இதில் நான் ஆடிய கூத்தை உனக்குச் சொல்லாமல் மறைத்திருந்தேன், எழுதச் சொல்லி அம்மா உயிரை எடுக்கிறாள். காலை பஸ்ஸில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்க்க டிப்போவிலிருந்து ஒரு ஐயா வருவதாகச் சேதி வந்தது. உன் அப்பன் கோயில் கமிட்டித் தலைவர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா. டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கிளினிக் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் நல்ல துணி உடுத்தச் சொல்லி, மாலை மேளத்தோடு கோயிலடியில் வரிசையாக நிறுத்தினேன். ஐயா வந்தார், மாலை போட்டேன். அவரோடு இடித்துக்கொண்டு ஏறுவது மரியாதையில்லை, ஐயா வசதியாகப் போகட்டும் என்று அத்தனை பேரையும் நானே தடுத்துவிட்டேன். அவர் பஸ்ஸுக்குள் ஏற்கனவே இருந்த நாலு பேரை மட்டும் எண்ணி எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அம்மா பேசிய பேச்சை எழுதினால் இந்தத் தாள் எரிந்துபோகும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, மகளின் படிப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று.

ஜீவராணி அழுதுகொண்டு உட்காரவில்லை. அடுத்த லயத்து ரமேஸ் அன்று எடுத்த வரவேற்புப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் யார், எங்கே இறங்குகிறவர் என்று எழுதி டிப்போவுக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போய் என் பிழையைச் சொன்னேன். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிப்பதற்குள் பின்னேரம் டவுனுக்குப் போகிற பஸ் போய்விடுகிறது, அரை மணி தள்ளி விட்டால் கொழுந்து பறிக்கிற பெண்களும் கடைக்குப் போக ஏறுவார்கள் என்றும் அவள் சொன்னாள். பார்ப்போம் என்றார் ஐயா. போன செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறினார். ஒரு ஸீட்கூடக் காலி இல்லை, ஜீவராணியோடு உட்கார்ந்திருந்த என் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயாமார் நிற்க நாம் உட்கார்ந்து பழக்கமா, எனக்கு உடம்பெல்லாம் கூசியது, எழும்பப் பார்த்தேன். ஜீவராணி சட்டையைப் பிடித்து இழுத்து, "எந்திரிக்காதீங்கப்பா, எடம் இல்லன்னு அவரே பாக்கட்டும்" என்றாள். பதுளை வரைக்கும் நான் உட்கார்ந்தே போனேன்.

நேற்றுக் கடிதம் வந்தது, பஸ் ஓடும், பின்னேர நேரத்தையும் மாற்றுகிறார்கள். ரமேஸையும் அவன் பைக்கிலிருந்து இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவதுதான் இனி என் வேலை.

முருகன் உனக்குத் துணையிருப்பான், நல்லாயிரு. தைப்பொங்கலுக்கு வரும்போது பதுளையிலிருந்து வேன் பிடிக்காதே, நம் பஸ்ஸிலேயே வா. நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும், வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
சி. நல்லையா